கருவாட்டுக்கு ஏன் வருது பழ ஈ?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பாகற்காய், பீர்க்கங்காய் போட்டவங்க உங்க வீட்ல இருந்தா கேட்டுப் பாருங்க. பிஞ்சு வளைஞ்சு மஞ்சளாகும், வெட்டினா உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பந்தல், ஆள் கூலின்னு செலவு பண்ணின காய் சந்தைக்கே போகாது. இது பழ ஈயோட வேலை.

இதுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற ஒரு வழி கருவாட்டுப் பொறி. பாலித்தீன் பையில 5 கிராம் நனைச்ச கருவாட்டுத் தூள், மருந்து நனைச்ச பஞ்சு. ஹெக்டேருக்கு 50 பை. சரி, காய்க்கு வர்ற ஈ கருவாட்டுக்கு ஏன் வரணும்?

காரணம் முட்டை. கூட்டிலிருந்து வெளியே வர்றப்போ பெண் ஈயோட முட்டைப்பை முதிர்ந்திருக்காது. பறக்கிறதுக்குச் சர்க்கரை போதும். முட்டைக்குள்ள மஞ்சள் கரு சேரணும்னா புரோட்டீன் வேணும். அந்தத் தேடல்லதான் கருவாட்டு வாசனைக்கு மாட்டுது.

இதை ரொம்ப ஆழமா ஆராய்ஞ்சது இந்த ஈயில இல்ல, அதோட தூரத்துச் சொந்தமான டிரோசோபிலாவில. ஹாஸ்டல் ரூம்ல கனிஞ்ச வாழைப்பழத்தைச் சுத்துமே, அதேதான். அதுக்குப் புரோட்டீன் ஈஸ்ட்ல கிடைக்குது. ஈஸ்டைக் குறைச்சா ஈ அதிக நாள் வாழும், முட்டை குறையும். 2009-ல வந்த ஒரு ஆய்வுல, அப்படிக் குறைச்ச சாப்பாட்டுல மெத்தியோனைன்ங்கிற ஒரே அமினோ அமிலத்தை மட்டும் சேர்த்தாங்க. முட்டை பழையபடி கூடிடுச்சு, ஆனா ஆயுள் குறையல!

இனச்சேர்க்கை இன்னொரு பக்கம். ஆண் டிரோசோபிலா விந்தோட சேர்த்து செக்ஸ் பெப்டைடுன்னு ஒரு சின்னப் புரோட்டீனையும் கொடுக்குது. வெறும் 36 அமினோ அமிலம். அது விந்தணுவோட வால்ல ஒட்டிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா பிரிஞ்சு நாள்கணக்குல வேலை செய்யும். பெண் நிறைய முட்டை போடும், நிறைய சாப்பிடும், அடுத்த ஆணை விரட்டிவிடும். இது பெண்ணுக்கு இலவசமா கிடைக்கல: ஆணோட அந்தத் திரவம் அதோட ஆயுளைக் குறைக்குதுன்னு 1995-லயே காட்டிட்டாங்க.

இ.சி.இ. பசங்க உடனே 'ஆண்ட் கேட்'னு சொல்லுவீங்க. முழுசா அப்படி இல்ல. சேராத பெண்ணும் கொஞ்சம் முட்டை போடும், ஆனா பொரிக்காது. சேர்ந்த பெண்ணுக்கும் புரோட்டீன் இல்லைன்னா முட்டை பெருசா ஏறாது.

இப்ப தோட்டத்துக்கு வருவோம். கியூலூர் பொறி பாகல் ஈயோட ஆணை மட்டும் இழுக்கும். பாதி ஆணைப் பிடிச்சா முட்டையும் பாதியாகும்னு கணக்குப் போடாதீங்க. ஒரு ஆண் பல பெண்களோட சேரும். ஜப்பான்ல ஒகினாவா தீவுகள்ல மலடாக்கின ஆண் ஈக்களைக் கோடிக்கணக்குல பறக்கவிட்டு, 1993-ல பாகல் ஈயையே ஒழிச்சாங்க. நமக்கு அந்த வசதி இல்ல. அதனால ஆணுக்குக் கியூலூர், பெண்ணுக்குக் கருவாடுன்னு ரெண்டையும் சேர்த்து வைக்கிறதுதான் என் கணக்குல சரி. விழுந்த காயையும் பொறுக்கி அழிச்சிடணும், இல்லைன்னா புழு மண்ணுக்குள்ள போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயா வரும்.

ஒரு விஷயம்: பழைய கையேடுகள்ல பஞ்சு மருந்துக்கு டைக்குளோர்வாஸ்னு போட்டிருக்கும். அது இந்தியாவில 2020 கடைசியோட தடை ஆயிடுச்சு. மாத்து என்னன்னு வட்டார வேளாண் அலுவலகத்துல கேட்டுட்டு வாங்குங்க. கருவாட்டுத் தூளை 20 நாளைக்கு ஒருமுறை மாத்தணும்.