தானியங்கி வாகனக் கொட்டகைக் கதவின் பாதுகாப்புப் பரிசோதனை



மின்மோட்டரினால் ஏறி இறங்கும் கொட்டகைக் கதவுகள் ஐக்கிய அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ளன. இறங்கும் கதவின் கீழ் அகப்பட்டு 1980களில் சிறுவர்கள் பலர் அங்கு உயிரிழந்தனர். இதனால் 1990இல் சட்டம் இயற்றப்பட்டது. 1993 ஜனவரி 1 முதல் உற்பத்தியாகும் வீட்டுக் கதவு இயக்கிகளில், ஆள் அகப்படுவதைத் தடுக்கும் ஒழுங்கு கட்டாயமாயிற்று. எனினும் கருவி இருந்தால் மட்டும் போதாது. அது செயற்படுகின்றதா என மாதம் ஒருமுறை பரிசோதித்தல் வேண்டும்.

பரிசோதனைப் படிமுறை

1. அவதானித்தல்: கதவை மூடி, உருக்கு வடத்தில் இழை அறுந்துள்ளதா, உருளைகள் தேய்ந்துள்ளனவா எனப் பார்க்க. எதையும் கழற்ற வேண்டாம்.

2. சமநிலை: கதவு மூடியிருக்கும்போதே அவசர விடுவிப்புக் கயிற்றை இழுத்து, மோட்டரிலிருந்து கதவை விடுவிக்க. பின்னர் கையால் மெதுவாகப் பாதி உயரத்துக்கு உயர்த்துக. நல்ல கதவு அங்கேயே நிற்கும்.

3. ஒளி உணரி: இது நிலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு (15 ச.மீ.) மேற்படாத உயரத்தில் இருத்தல் வேண்டும். கதவை மீண்டும் மோட்டருடன் இணைத்து இறங்கவிடுக. சற்று விலகி நின்று, தும்புத்தடியின் பிடியால் கதிரை மறைக்க. கதவு நின்று மேலே திரும்ப வேண்டும்.

4. தொடுகை: 1½ அங்குலத் தடிப்புள்ள பலகையை வாசலின் நடுவே தட்டையாக வைக்க. கதவு அதைத் தொட்டதும் 2 செக்கன்களுக்குள் மேலே திரும்ப வேண்டும். கையையோ காலையோ வைத்துச் சோதிக்கலாகாது.

3 அல்லது 4 தவறினால், திருத்தும்வரை மோட்டரைப் பயன்படுத்தக் கூடாது.

கவனிக்க: மூடிய கதவின் சுருள்வில்லில் பெருமளவு அழுத்தசக்தி சேமிக்கப்பட்டிருக்கும். அதைப் பயிற்சி பெற்ற தொழினுட்பவியலாளர் மட்டுமே கையாள வேண்டும்.

பயிற்சி வினா

சமநிலைச் சோதனையில் கதவு கீழே சரிகின்றது. “மோட்டர் நன்றாக இழுக்கின்றது, ஆகவே பயமில்லை” என்கிறார் வீட்டுக்காரர். இக்கூற்று சரியா?

விடை: தவறு. கதவின் நிறையைப் பெரும்பாலும் தாங்குவது சுருள்வில்லே, மோட்டர் அன்று. கதவு சரிவது வில் தளர்ந்துள்ளதைக் காட்டுகின்றது. மோட்டர் மிகைச்சுமையுடன் இழுப்பதால் குறை வெளியே தெரிவதில்லை. மின்தடையின்போது திறந்துள்ள கதவை விடுவித்தால், அது முழு நிறையுடன் கீழே விழலாம்.

பலர் “தவறு” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவர். காரணத்தையும் எழுதுங்கள்.