வல்ல பிடியாளரை வெல்லும் வகை

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். அரசர்க்கென வகுத்த அம்முறை ஆடுகளத்துக்கும் பொருந்துவதாம். எதிரணியில் பெயர்பெற்ற பிடியாளர் ஒருவர் நிற்க, அவர் காவலைக் கடந்து புள்ளி பெறுவது எங்ஙனம் என்பதைக் கபடி ஆட்டத்தின்வழி ஈண்டு ஆராய்வோம்.

கொட்டகலையைச் சூழ்ந்த தோட்டங்களிற் சமநிலம் அரிது. தேயிலைக்குப் போக எஞ்சிய சிறு திடல் கிரிக்கெட்டுக்கோ உதைபந்தாட்டத்துக்கோ போதாது. கபடிக்கோ 13 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் அமையும். ஆதலின், நம் மாணாக்கர் பெரிய கல்லூரிகளோடு சமமாக நின்று பொருதத்தக்க ஆட்டங்களுள் இஃதொன்று. ஆயினும், எதிரணியின் மூலையில் நிற்பவர் பெயரைக் கேட்டளவிலேயே பாதி ஆட்டத்தை இழந்துவிடும் பிள்ளைகள் உளர். அவ்வச்சத்தைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, வலியறிதல். மூலைப் பிடியாளரின் ஆற்றல் கணுக்காற் பிடியில் உள்ளது. ஈரானின் இடது மூலையிற் பாசெல் அத்ராசலி நின்ற அணி, 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவின் அரையிறுதியில் இந்தியாவை 27–18 என வென்றது. 1990 முதல் 2014 வரை ஏழு முறையும் தங்கம் வென்ற அணியே அன்று தோற்றது. எனினும், பாடுவோனைத் தொட்ட பிடியாளர் அவனை நிறுத்தத் தவறி, அவன் நடுக்கோட்டை எட்டிவிட்டால், தொட்டவரே வெளியேறுவர். எனவே, அவருடைய பாய்ச்சலே அவருக்கு இடராகவும் முடியும்.

இரண்டாவது, காலமறிதல். போனஸ் கோட்டை நோக்கிக் கால் நீளும் கணமும், பாடுவோன் முதுகு காட்டித் திரும்பும் கணமுமே அவர் காத்திருக்கும் காலங்கள். ஆகவே, கால் நீட்டுவது போற் காட்டி இழுத்துக்கொள்க. முகம் அவரை நோக்கியவாறே பின்வாங்குக. ஒரு பாட்டுக்கு 30 செக்கன் உண்டு, பதற்றம் வேண்டா. இரு பாட்டுகள் வெறுமையாய் முடிந்தால் மூன்றாவதிற் புள்ளி பெற்றே ஆகவேண்டும் என்னும் விதியுள்ள போட்டிகளில், அந்த மூன்றாவது பாட்டையே அவர் எதிர்பார்த்திருப்பார். அந்நிலை வாராமல் முன்னரே ஒரு புள்ளியைப் பெறுதல் அறிவுடைமை.

மூன்றாவது, இடனறிதல். அவரது இடது மூலை, பாடுவோனுக்கு வலக்கைப் பக்கமாகும். இடப்பக்கமாகப் புகுந்து மற்றைய மூலையைத் தாக்குக. 10 மீற்றர் அகலத்தை ஒருவர் தனித்துக் காக்க இயலாது. தோழர் வெளியேற வெளியேற அவர் பொறுமை இழந்து முன்வருவார். அப்பொழுது அவரைத் தொடுதல் எளிது.

வெளியேற்றியதோடு வேலை முடியவில்லை. எதிரணி நம்மவர் ஒருவரை வெளியேற்றினால், அவ்வணியில் முன் வெளியேறியவர் முன் மீள்வர். போனஸ் புள்ளியாலோ எவரும் மீளார். ஆதலின், அவர் வெளியே இருக்கும் வேளையில், எதிரணிக்கு ஒரு போனஸ் புள்ளியை விட்டுக்கொடுப்பினும் நம்மவர் ஒருவரை இழத்தலாகாது. இந்நுட்பம் உணராத அணி, வல்லவரை வெளியேற்றிய மறுகணமே அவரைத் தன் கையாலேயே மீட்டுக்கொடுக்கும்.

முழங்காலை உதைத்தேனும் அவரை அகற்றுக என்று காதோடு உரைப்போரும் உளர். அது வெற்றியன்று, அச்சத்தின் மற்றொரு வடிவமே. தோற்ற இந்தியா, 2023ஆம் ஆண்டு ஹாங்சோ இறுதியாட்டத்தில் அதே ஈரானை 33–29 என வென்று தங்கத்தை மீட்டது. வல்லவர் வெல்லப்படக் கூடியவரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பழைய மாணவர்காள்! உங்களிற் பிடிவல்லோர் மாலை வேளைகளில் நம் திடலுக்கு வந்து, மூலையில் நின்று, இளையோரைப் பாடவிடுங்கள். வல்லவர் ஒருவரைப் பன்முறை எதிர்த்துப் பழகிய பிள்ளை, பின்னர்ப் பெயருக்கு அஞ்சான்.