வாசலில் வரும் மெருகு

பிள்ளைகள் பள்ளிக்கும் பெற்றோர் பணிக்கும் சென்றபின், வீட்டில் பாட்டி மட்டும் தனித்திருக்கும் நண்பகல். அந்நேரம் பார்த்தே நகைக்கு மெருகேற்றுவதாகக் கூறி ஒருவர் வாசலில் வந்து நிற்பார். முதலில் பித்தளைக் குத்துவிளக்கை இலவசமாகத் துலக்கிக் காட்டுவார். அடுத்து வெள்ளிக் கொலுசு. அதன்பின் கழுத்துச் சங்கிலி. 'பாட்டியம்மா' என்று அழைக்கும் கனிவே பாதி வேலையை முடித்துவிடும்.

அவர் கிண்ணத்தில் ஊற்றும் நீர்மம் நீங்கள் வேதியியலில் படித்த இராஜ திராவகமாக இருக்கலாம். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த அக்கரைசல் பொன்னையே கரைக்க வல்லது. சங்கிலி பளபளப்புடன் திரும்பிவரும். அதன் எடையில் ஒரு பகுதியோ கிண்ணத்திலேயே தங்கிவிடும். கரைந்த பொன்னைப் பின்னர் அவர் பிரித்தெடுத்துக்கொள்வார்.

ஏமாந்ததை வீட்டாரிடம் சொல்லவே முதியோர் பெரிதும் அஞ்சுகின்றனர். 'உங்களை யார் கழற்றிக் கொடுக்கச் சொன்னது?' என்று மகன் ஒருமுறை சினந்தால் போதும். அடுத்த இழப்பு வெளியே தெரியாமலே போய்விடும். கடிந்துகொள்ளாமல் கேட்டறிந்து, அன்றே காவல் நிலையத்தில் புகார் அளிப்பதே முறை. முதியோர் உதவி எண் 14567-ஐத் தொலைபேசி அருகே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டலாம். 'மாலையில் மகன் வந்தபின் வாருங்கள்' என்று கதவைத் திறவாமலே சொல்லப் பாட்டியைப் பழக்குங்கள். நேர்மையான தொழிலாளி மாலையிலும் வருவார்.