நலத்தொழிற் சான்றிதழ்: செலவும் ஊதியமும்

ஒரு வினையைத் தொடங்குமுன் மூன்றனை எண்ணுக என்று தெரிந்துசெயல்வகை அதிகாரத்தின் முதற் குறளிலே வள்ளுவர் வகுத்துள்ளார். முதலில் அழிவது யாது, பின்னர் ஆவது யாது, ஆனபின் அது மேலும் பயக்கும் ஊதியம் யாது என்பனவே அம்மூன்று. ஊதியம் என்னுஞ் சொல்லை இக்காலத்தார் சம்பளம் என்னும் பொருளில் வழங்குவர். வள்ளுவர்க்கோ அஃது இலாபமாம். இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியளவில் நிற்பதன்று. தஞ்சை நாட்டுச் சிறு உழவர் குடியிற் பிறந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணொருத்தி, சமுதாயக் கல்லூரியிற் சேர்ந்து மருத்துவத் துணைத்தொழிற் சான்றிதழ் பெறலாமா என்று எண்ணுங்காலும் இது பயன்படும் என்பது எம் கருத்து.

சமுதாயக் கல்லூரி நம் நாட்டிற்குப் பழமையானதன்று. புதுவைப் பல்கலைக்கழகம் 1995ஆம் ஆண்டிலும், சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் 1996ஆம் ஆண்டிலும் இதனைத் தொடங்கின. பள்ளிப் படிப்பை இடையே விட்டோரும் வறுமையாற் கல்லூரி வாயிலை மிதியாதோரும் குறுகிய காலத்தில் ஒரு தொழில் கற்று வெளியேறுதல் இதன் நோக்கம். நோயாளரைப் பேணும் உதவியாளர், ஆய்வுக்கூட உதவியாளர் முதலிய பயிற்சிகள் இவ்வகையின.

அழிவதனை முதலில் நோக்குவோம். கட்டணம் ஒன்றே செலவென்று கருதுவார் பலர். பேருந்துச் செலவும் சீருடையும் நண்பகலுணவும் அதனொடு சேரும். அவற்றினும் பெரியது, படிக்குங் காலத்தில் இழக்குங் கூலி. மேலும், நம் பகுதிக்கே உரிய இடரொன்றுண்டு. மேட்டூர் அணை திறத்தற்கு வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. குறுவைக்கு விதையும் உரமும் வாங்கி வீட்டுப் பணமெல்லாம் வயலில் இறங்கும் அக்காலத்திலேயே கல்விக் கட்டணமும் கேட்கப்படுகின்றது. தாயின் சங்கிலி அடகிற்குச் செல்லும். தையில் சம்பா அறுவடையாகி நெல் விற்ற பின்னரே மீளும். அவ்வட்டியும் கல்விச் செலவேயன்றோ?

இனிக் கணக்கிற்கு வருவோம். ஊரக வேலையுறுதித் திட்டத்தில் தமிழ்நாட்டிற்கு 2024-25இல் குறிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அப்பெண் ஆண்டில் 100 நாள் இக்கூலி பெறக்கூடியவள் எனின், இழப்பு 31,900. கட்டணம் 20,000, பிற செலவு 15,000 என்று வைத்துக்கொள்வோம். வட்டி நீங்கலாக மொத்தம் 66,900 ஆகும். பயின்றபின் மாதம் 8,000 பெற்று, அதிற் போக்குவரத்திற்கு 1,500 செலவிட்டால், ஆண்டிற்கு எஞ்சுவது 78,000. படியாதிருந்தாலும் கிடைத்திருக்கும் 31,900ஐக் கழித்தல் வேண்டும். இதனை மறப்பவரே மிகுதி. கழித்தபின் நிற்பது 46,100. எனவே போட்ட முதல் மீள ஏறத்தாழ 17 மாதம் ஆகும். சம்பளம் 6,000 ஆகக் குறையுமாயின், அதே முதல் மீள மூன்றாண்டு வேண்டும். சம்பளத்திற் காற்பங்கு குறையக் காலம் இரட்டித்தலை நோக்குக.

இரண்டாண்டுப் பட்டயம் எப்படி? செலவும் இழப்பும் இருமடங்காகி 1,33,800 ஆகும். மாதம் 12,000 கிடைக்குமெனின், அவ்வாறே கழித்து ஆண்டிற்கு நிற்பது 94,100. முதல் மீளுங் காலம் இதிலும் ஏறத்தாழ 17 மாதமே. இத்தொகைகள் யாம் எடுத்துக்கொண்டவை. படிப்போர் தத்தம் ஊர்த் தொகைகளை இட்டுப் பார்க்க.

நிற்க. மூன்றாவதாகிய ஊதியத்திலேதான் இரண்டும் பெரிதும் வேறுபடுகின்றன. இணை மருத்துவத் தொழில்களுக்கென 2021ஆம் ஆண்டில் நடுவண் அரசு இயற்றிய சட்டம், இணைநலத் தொழிலர் என்பார் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் 2,000 மணி நேரத்திற்குக் குறையாது பயின்று, பட்டயமோ பட்டமோ பெற்றவராதல் வேண்டும் என்கிறது. ஆய்வுக்கூடத் தொழில் இச்சட்டத்துள் அடங்கும். செவிலியர்க்குரிய சட்டம் வேறு. ஆங்கும் துணைச் செவிலியர் பயிற்சி ஈராண்டினது. மருந்தாளுநர்க்கோ 1948ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆகவே ஓராண்டுச் சான்றிதழ் வேலை தரலாம்; பதிவேட்டிற் பெயரைத் தாராது. பதிவில்லாதவள் பத்தாண்டு உழைத்தாலும் உதவியாளராகவே நிற்கும் அச்சம் உளது.

இதனாற் சான்றிதழை இகழ்வது எம் நோக்கமன்று. பத்தாம் வகுப்பையே முடியாத தாயொருத்திக்குப் பட்டயத்தின் கதவு திறவாது. நடவும் அறுப்பும் பொறிகளின் கைக்கு மாறிவரும் இந்நாளில், அவளுக்கு வயற்கூலியும் உறுதியன்று. மருத்துவமனையின் 6,000மும் மாதந்தோறும் வரும் பணம். அவளுக்கு ஓராண்டுப் பயிற்சி தக்கதே. பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, இன்னும் ஓராண்டு பொறுக்கக்கூடிய வீட்டுப் பெண்ணை, விரைவில் முடியும் என்பது ஒன்றே கூறி அதில் தள்ளுவதைத்தான் யாம் உடன்படோம்.

சேருமுன் கல்லூரி அலுவலகத்தில் சிலவற்றை எழுத்திற் கேட்டுப் பெறுதல் வேண்டும். இப்படிப்பு எப்பதிவேட்டிற்கு உரியது? பின்னர்ப் பட்டயம் பயில விரும்பின் இவ்வாண்டு கணக்கிற் கொள்ளப்படுமா? நோயாளரிடையே பயிற்சி எம்மருத்துவமனையில், எத்தனை மணி நேரம்? கட்டணத்தில் ஒரு பகுதியை ஜூனிலும் எஞ்சியதைத் தையிலும் பெற இசைவார்களா என்பதையும் உடன் வினவுக. இசைந்தாற் சங்கிலி வீட்டிலேயே இருக்கும்.