உண்ணிக்கடித் தடுப்பூசி: எல்லை தாண்டினால் விதி மாறும்

உண்ணி கடித்து வரும் மூளைக்காய்ச்சல் வந்துவிட்டால் அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வராமல் தடுக்க நல்ல ஊசி உண்டு. 1970களில் வியன்னாவில் கிறிஸ்டியன் குன்ஸ் என்ற நுண்ணுயிரியலாளரின் முயற்சியில் உருவான ஊசி அது. 1979இல் ஆஸ்திரியாவில் 677 பேர் இந்த நோயோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 1981இல் நாடு முழுவதும் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. இன்று அங்கே பத்தில் எட்டுப் பேர் ஊசி போட்டவர்கள், நோயும் பல மடங்கு குறைந்திருக்கிறது. பக்கத்து நாடான செக் குடியரசில் காடும் உண்ணியும் அதேதான். ஊசி போட்டவர்கள் மட்டும் குறைவு. அதனால் நோய் குறையவில்லை.

படிக்கவும் வேலைக்கும் ஐரோப்பா போகிறவர்கள், அங்கேயே குடியேறியவர்கள், நம் பக்கத்து மலைக்காடுகளுக்குள் போய் வருகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

• நாட்டின் பெயரை மட்டும் பார்க்காமல் மாவட்டத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் ராபர்ட் கோக் நிறுவனம் ஆண்டுதோறும் ஆபத்துள்ள மாவட்டங்களின் பட்டியலை வெளியிடுகிறது. பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கும் பெரும்பாலும் அதற்குள் அடக்கம். பட்டியல் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வடமேற்கு மூலையில் உள்ள எம்ஸ்லாண்ட் 2019இல் சேர்ந்தது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தும், ஜெனீவா, டிச்சினோ ஆகிய இரண்டு மாநிலங்களைத் தவிர நாடு முழுவதையும் ஆபத்துப் பகுதி என்று அறிவித்தது. ஈழத்தமிழர்கள் நிறைய வாழும் சூரிச்சும் பெர்னும் அதற்குள்தான் வருகின்றன.

• முதல் ஊசியைக் குளிர்காலத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் இரண்டாவது, மூன்றாவது அதற்குச் சில மாதம் கழித்து. இளவேனிலில் உண்ணி வெளியே வரும்போது உடலில் இரண்டு டோஸாவது இருக்க வேண்டும். பயணம் நெருங்கிவிட்டால் விரைவு அட்டவணையும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

• செலவை யார் ஏற்கிறார்கள் என்று விசாரியுங்கள். கொள்கையின் உண்மையான முகம் இதில்தான் தெரியும். ஜெர்மனியில் ஆபத்துப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பொது மருத்துவக் காப்பீடு பணம் தருகிறது. ஆஸ்திரியாவில் ஊசி இலவசமில்லை. ஆண்டுதோறும் இயக்க மாதங்களில் மருந்தகங்களில் விலை குறைகிறது, காப்பீடும் ஒரு பங்கு தருகிறது. சுவீடனில் பெரும்பாலானோர் கைக்காசு போட வேண்டும். குழந்தைகள் நிறைந்த, வருமானம் குறைந்த குடும்பம் முதலில் கைவிடுவது இப்படிப்பட்ட ஊசியைத்தான். பின்லாந்தின் ஓலாந்து தீவுகளில் நோய் கடுமையாக இருந்ததால் 2006 முதல் அங்கே வசிப்பவர்களுக்கு இலவசம். சுலோவேனியா 2019இல் சிறு குழந்தைகளோடு 49 வயதை எட்டுகிறவர்களையும் இலவசத் திட்டத்தில் சேர்த்தது. வயது ஏற ஏற இந்நோய் கொடுமையாகத் தாக்குகிறது. அதனால் கையில் இருக்கும் பணத்தை இப்படிப் பங்கிடுவதை மிகச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

• பூஸ்டர் தேதியை அட்டையில் எழுதி வையுங்கள். ஆஸ்திரியாவில் முதல் பூஸ்டர் மூன்று ஆண்டில், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை. சுவிட்சர்லாந்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறார்கள். வீடு மாறி நாடு மாறினால் புது ஊர் மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

• ‘எங்கள் நாட்டில் பரிந்துரைக்கவில்லை, அப்படியென்றால் ஆபத்தில்லை’ என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் இந்த ஊசி பொதுத் திட்டத்தில் இல்லை, பயணிகளுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் 2019இல் அங்கே தெட்ஃபோர்டு காட்டு உண்ணிகளில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. அமெரிக்கா 2021இல்தான் ஊசிக்கு அனுமதி தந்தது, அதுவும் இந்நோய் உள்ள நாடுகளுக்குப் போகிறவர்களை நினைத்து. ஐரோப்பாவில் வாழ்கிறவர் அந்த விதியைத் தனக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது.

• உண்ணியைச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் தப்பித்தோம் என்று இருக்காதீர்கள். உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோயின் கிருமி உடலில் ஏறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். மூளைக்காய்ச்சல் வைரஸ் உண்ணியின் எச்சிலிலேயே இருப்பதால் கடித்த சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். ஆனாலும் பிடுங்கத்தான் வேண்டும். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

• இந்த ஊசி லைம் நோயையும் தடுக்கும் என்று நம்பாதீர்கள். லைமுக்கு மனிதர்களுக்கான ஊசி ஒன்று அமெரிக்காவில் 1998இல் வந்தது, 2002இல் சந்தையைவிட்டுப் போய்விட்டது.

• ஆபத்துப் பகுதியில் காய்ச்சாத ஆட்டுப்பாலும், அதில் செய்த பாலாடைக்கட்டியும் வேண்டாம். உண்ணி கடிக்காமலேயே இந்த வழியில் நோய் வந்திருக்கிறது.

• ஐரோப்பிய ஊசி போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் இறங்காதீர்கள். இங்கே இருப்பது ஐரோப்பிய மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான வேறொரு வைரஸால் வரும் குரங்குக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் க்யாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பின்னால் மனிதர்களும் விழுந்தார்கள். ரஷ்ய மூளைக்காய்ச்சலுக்கான ஊசியை அப்போது இங்கே போட்டுப் பார்த்தார்கள், அது காக்கவில்லை. பிறகு இந்த நோய்க்கென்றே ஓர் ஊசி தயாரானது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், அதன்பின் ஆறு முதல் ஒன்பது மாதத்தில் ஒன்று, பிறகு ஆண்டுதோறும். போட்டால் கடுமையாக வலிக்கும் என்பதால் பலர் அடுத்த டோஸுக்கு வரவில்லை. 2005 முதல் 2010 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது இரண்டு டோஸ் ஏறக்குறைய 62 விழுக்காடும், பூஸ்டரோடு 83 விழுக்காடும் பாதுகாப்பு தந்தது தெரிந்தது. 2022இல் அந்த ஊசியும் நிறுத்தப்பட்டது. புதிய ஊசி உருவாக்கும் வேலையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு கையில் எடுத்திருக்கிறது. விறகுக்கும் பாக்குத் தோட்டத்துக்கும் போகிற ஏழைகளின் நோய் இது. வியன்னாவில் ஞாயிற்றுக்கிழமை காட்டில் நடந்து வருகிறவருக்கு இருக்கும் காப்பு இவர்களுக்கும் கிடைத்தாக வேண்டும்.

• செத்துக்கிடக்கும் குரங்கைத் தொடாதீர்கள். 2012இல் நீலகிரியிலும் இறந்த குரங்குகளில் குரங்குக் காய்ச்சல் வைரஸ் தென்பட்டது. டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குள் போகிறவர்கள் உடலை மூடிய உடை அணிந்து, உண்ணி விரட்டும் எண்ணெயைத் தடவிக்கொண்டு போங்கள். திரும்பியதும் துணியை வெந்நீரில் துவைத்துக் குளியுங்கள். குரங்கு செத்துக்கிடந்தால் வனத்துறைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அன்றே சொல்லிவிடுங்கள்.