ஹட்டனில் ஒலித்த உரிமைக் குரல்: மீனாட்சி அம்மாள் நடேசய்யர்

பிறந்த இனமோ தோலின் நிறமோ ஒருவரை மற்றவரைவிட உயர்ந்தவராக்காது என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் எடுத்துரைத்தார்கள். ஆனால், இருபதாம் நூற்றாண்டிலும் பிறப்பைக் காட்டி மனிதரை ஒதுக்கும் சட்டங்கள் பல நாடுகளில் இருந்தன. அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரில் 1955 டிசம்பர் 1ஆம் திகதி, வெள்ளையருக்காகப் பேருந்து ஆசனத்தை விட்டெழ மறுத்த றோசா பார்க்ஸ் அம்மையாரை நாம் அறிவோம். அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, எமது மலையகத்தில் இன ஒதுக்கலுக்கு எதிராகப் பாடிய ஒரு பெண்ணைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் மீனாட்சி அம்மாள்.

அன்றைய தோட்ட வாழ்க்கை

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்தனர். குன்றின் மேல் துரையின் பங்களா. கீழே வரிசையாக லயன் அறைகள். கங்காணியின் கடனும் துண்டு முறையும் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தன. துண்டு முறை 1921இல் நீக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோதும் பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டது.

1931இல் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. எனினும் இந்திய வம்சாவளியினர் வாக்காளராவதற்கு, நிரந்தரமாக இங்கு குடியிருப்பதை நிரூபிக்கும் தனி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரச காணி பெறுவோரில் அவர்கள் சேர்க்கப்படவில்லை. கிராமச் சபைத் தேர்தலிலும் தோட்டத் தொழிலாளருக்கு இடமில்லை. தோட்டத்துக்கு அருகிலேயே கிராமம் இருந்தும், அதன் பொது விடயங்களில் பேச அவர்களுக்கு உரிமை கிடைக்கவில்லை.

பாட்டே ஆயுதம்

மீனாட்சி அம்மாளின் கணவர் கோ. நடேசய்யர், 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியர். தோட்டத் தொழிலாளருக்கு முதன்முதலில் சங்கம் அமைத்தவர். வெளியார் தோட்டத்துக்குள் புகத் தடை இருந்ததால், புடைவை வியாபாரி வேடத்தில் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கினார். அம்மாள் பத்திரிகைப் பணியிலும் சங்கப் பணியிலும் அவருக்குத் தோள்கொடுத்தார்.

எழுத வாசிக்கத் தெரியாத மக்களிடம் துண்டுப் பிரசுரம் பயன்தராது என்பதை அம்மாள் உணர்ந்திருந்தார். கொழுந்து பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் பாடிப் பழகிய மக்களுக்கு மெட்டு சொந்தமானது. ஆகவே, மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அரசியலைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தாமே பாடினார். ஒருமுறை கேட்டவர் பாட்டை லயனுக்கு எடுத்துச் சென்றுவிடுவார். அதன் பிறகு எந்தத் துரையாலும் அதைத் தோட்டத்துக்கு வெளியே நிறுத்த முடியாது.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் முடிவு எடுக்கப்பட்டது. இந்தியருக்கு எதிரான பிரசாரமும் வலுத்தது. அவ்வேளையில், 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூலை அம்மாள் வெளியிட்டார். அமைச்சர்களின் போக்கை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். உழைத்து நாட்டை வளப்படுத்தியோரை அந்நியர் என்பது என்ன நியாயம் என்று கேட்டார். தொழிலாளர் ஒன்றுபட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். பெண்கள் பொதுமேடை ஏறுவதே அரிதாயிருந்த காலத்தில் இவ்வளவும் நடந்தது.

அவர் அஞ்சியது நடந்தது

நடேசய்யர் 1947இல் காலமானார். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் பறிபோனதால் 1952இல் அவர்களுக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இச்சட்டத்தால் பாதிக்கப்பட்டனர். ஆகவே இது அயலவரின் கதை மட்டுமன்று, எமது சமூகத்தின் கதையும்கூட. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்தது. எஞ்சியிருந்தோர் குடியுரிமை பெறுவதற்கான சட்டம் 2003 வரை காத்திருந்தது.

நாம் செய்யக்கூடியது

சாரல் நாடன், அந்தனி ஜீவா போன்ற மலையக எழுத்தாளர்களின் முயற்சியாலேயே மீனாட்சி அம்மாளின் பெயர் இன்று நமக்குக் கிடைத்துள்ளது. அவர் பாடியது அச்சேறியதால் தங்கியது. அச்சேறாத பாடல்கள் இன்னும் லயன்களில் வாழும் மூதாட்டியரின் நினைவில் உள்ளன. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவியர் ஒரு கொப்பியுடன் அவர்களருகே அமர்ந்து, பாட்டையும் அதைப் பாடிய சந்தர்ப்பத்தையும் எழுதி வந்தால், அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு இடம் தரலாம்.