மலையடிவாரத்துக்கு மிதிக்கப் போகிறவர்களுக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் வேலைக்குச் சேர்ந்து, கையில் நாலு காசு மிஞ்சியதும் கியர் சைக்கிள் வாங்கியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். நமக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. மேற்கே காம்பாக்கம் மலை, அதற்கும் அப்பால் நாகலாபுரம், நகரி மலைகள். நகரி மூக்கு என்று சொல்கிறோமே, அந்த உச்சியைக் கடலிலிருந்து பார்த்துத்தான் அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் சென்னைக் கரையை அடையாளம் கண்டார்கள். மலையும் கடலும் அவ்வளவு பக்கம். இப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமையை அறைக்குள் கழிக்காதீர்கள். மலையைப் பற்றிப் பயமும் வேண்டாம். மலைக்குப் போய்ச் சேரும் வரைக்கும் உள்ள சாலையைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

1. முதல் மாதம் மலைப்பக்கம் போகவே போகாதீர்கள். அதற்குப் பதில் பூண்டி ஏரிக்குப் போய்ப் பழகுங்கள், திருவள்ளூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், சத்தியமூர்த்தி பெயரில் இருக்கிறது. பக்கத்தில்தான் அதிராம்பாக்கம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பின்னாளில் ஆய்வு செய்து, அங்குள்ள பழைய கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது சொன்னார்கள். பூண்டியில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். போகவர இருபத்தைந்து கிலோமீட்டரை மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே மிதிக்க முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம்.

2. கொல்கத்தா நெடுஞ்சாலையை ஓட்டிப் பழகும் சாலையாக நினைக்காதீர்கள். கடக்க வேண்டிய சாலை அது, அவ்வளவுதான். கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ எளாவூரிலோ அதைத் தாண்டி மேற்கே இறங்கிவிடுங்கள். இரும்புச் சுருள் ஏற்றிய டிரைலர் இடப்பக்கம் திரும்பும்போது, அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன வழியில் போகாமல் உள்ளே வாங்கும். அந்த மூலையில் நிற்கும் சைக்கிள் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. திரும்பப்போகும் லாரியின் இடப்பக்கம் எந்த அவசரத்துக்கும் நுழையாதீர்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவதும் வேண்டாம். ஐந்து நிமிடம் மிச்சமாகும் என்று பார்க்காமல் அடுத்த பாலம் வரை போய்த் திரும்புங்கள்.

3. ஷிப்ட் மாறும் நேரத்தை மனப்பாடம் செய்யுங்கள். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. அந்த அரைமணி நேரம் சிப்காட் சாலைகள் கம்பெனி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் உரியவை. சைக்கிளில் வேலைக்குப் போகும் ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கும் உரியவை. நாம் ஆசைக்கு மிதிக்கிறோம், அவர்கள் பிழைப்புக்கு மிதிக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் உலைப்பக்கம் நின்றுவிட்டு, பின்விளக்கு இல்லாத வண்டியில் போகிறவரை மணியடித்து ஓரம் கட்டாதீர்கள். வழியில் ஒருவர் பஞ்சராகி நின்றால் இறங்கி உங்கள் பம்பைக் கொடுங்கள். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை, கட்டாயமாகச் சொல்கிறேன்.

4. பஞ்சர் ஒட்டத் தெரியாமல் ஊத்துக்கோட்டையைத் தாண்டக்கூடாது. இந்தப் பக்கம் டயரைக் குத்துவது பெரும்பாலும் முள் அல்ல. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதனுள் இருக்கும் மெல்லிய எஃகுக் கம்பிகள் சாலையோரம் கிடக்கும். தலைமுடி பருமன்தான் இருக்கும், கண்ணுக்குப் படாது. ட்யூபை மாற்றுமுன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, கம்பியைக் கண்டுபிடித்து எடுங்கள். எடுக்காவிட்டால் புது ட்யூபும் அடுத்த கிலோமீட்டரில் போய்விடும். தேர்வாய்க்கண்டிகையில் ஆலை வைத்திருக்கும் மிஷ்லின் நிறுவனத்துக்குப் பெயர் வாங்கிக்கொடுத்ததே சைக்கிள் டயர்தான். எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய டயரை அவர்கள் செய்தார்கள். 1891-இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் பந்தயத்தில், அந்த டயரோடு ஓட்டிய சார்ல் தெரோன் ஜெயித்தார். வழியிலேயே நாமே சரிசெய்துகொள்ளலாம் என்பதுதான் அந்த டயரின் பெருமை. இரண்டு ட்யூப், இரண்டு லிவர், ஒரு பம்ப், ஒட்டுப்போடும் சாமான், இவை சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். காற்றைக் கல்லுபோல் அடைக்காதீர்கள். 28 மில்லிமீட்டர் டயருக்கு, நடுத்தர எடை உள்ளவர்களுக்கு, 75 பிஎஸ்ஐ அளவே நம் சாலைக்குப் போதும்.

5. காற்றின் போக்கைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். நம் வட்டாரத்தில் ஏற்றத்தைவிட எதிர்க்காற்றுதான் ஆளை முறிக்கும், இதைப் புதிதாக வருபவர்கள் நம்புவதில்லை. சித்திரை, வைகாசியில் விடியற்காலை காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏறும்போது மேற்கிலிருந்து வரும். உச்சிப்பொழுதுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து புகும். ஐந்து மணிக்குக் கிளம்பி மேற்கே மலையடிவாரம் போய், பதினொன்றுக்குள் திரும்பினால் வரும்போது காற்று முதுகைத் தள்ளும். அங்கேயே பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கடற்காற்று முகத்தில் அடிக்கும், அப்போது முப்பது கிலோமீட்டர் அறுபதாகத் தோன்றும். மார்கழி, தையில் கதை வேறு. வடகிழக்குக் காற்று போகும்போது உங்களை மலைக்கு இழுத்துக்கொண்டு போகும், நமக்கு நல்ல கால் வந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நம்பாதீர்கள். திரும்பும் வழிக்குப் பாதிக்கு மேல் தெம்பை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் பெரிய கியரில் முழங்காலை நசுக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்று வருமாறு மிதியுங்கள்.

6. நான் மனதாரச் சொல்லும் வழி ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம், அங்கிருந்து பிச்சாட்டூர். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்ட். கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் வந்த கிருஷ்ணா நீர் அங்கேதான் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. 1996-இல் முதன்முதலாக வந்தது. எல்லையைத் தாண்டினால் சுருட்டப்பள்ளி. சிவன் பார்வதியின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் கோயில் அது, காலை வேளையில் கூட்டம் குறைவு. அதற்கப்புறம் மாந்தோப்புகள், இருபக்கமும் பச்சை, சாலை சிறுசிறு ஏற்ற இறக்கமாகப் போகும். நாகலாபுரம் வரும்போது மலை சுவர்போல் முன்னால் நிற்கும். கிருஷ்ணதேவராயர் தம் தாயின் பெயரில் எழுப்பிய ஊர் அது. அங்கே வேதநாராயணர் கோயிலில் மச்சாவதாரக் கோலத்தில் பெருமாள். பங்குனி வாக்கில் மூன்று நாள் மாலைச் சூரிய ஒளி கருவறை வரை போகும். இந்த வழி மலை ஏறும் வழி அல்ல, மலையை ஒட்டிப் போகும் வழி. ஏற்றத்துக்கான மூச்சை இங்கேதான் பழக்க வேண்டும். சாலையில் நெல்லோ வேர்க்கடலையோ காயப்போட்டிருந்தால் சுற்றிப் போங்கள், அதன்மேல் ஏற்றாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டால் ஆரணி ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கும். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கவே கூடாது.

7. தடா அருவிக்கு வரதய்யபாளையம் வழியாகப் போகலாம், போகும் சாலை அழகானது. ஆனால் அது காடு. வனத்துறை அனுமதிக்கும் நாளில், அனுமதிக்கும் இடம் வரைக்கும் மட்டும். அங்குள்ள மடுவில் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மூழ்கிப் போயிருக்கிறார்கள். மிதித்த களைப்போடு நீந்தாதீர்கள்.

8. சத்தியவேடு தாண்டினால் கடைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும். தாகம் எடுப்பதற்கு முன்னால் கால்மணிக்கு ஒரு வாய். காலையில் இரண்டு இட்லி போதும், வாழைப்பழத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் பத்து மணிக்குமேல் வெளியே இருக்காதீர்கள்.

9. விழுவீர்கள். எல்லாரும் விழுகிறோம். கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டோ காறை எலும்போ போகும். மலைக்கு அந்தப்பக்கம் புத்தூர்க் கட்டு பேர்போனது, நம் ஊர் வீடுகளில் அங்கே கட்டுப்போட்டு வந்தவர்கள் இருப்பார்கள். இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே எடுங்கள், எலும்பு எப்படி முறிந்திருக்கிறது என்று தெரியாமல் யாரிடமும் கையைக் கொடுக்காதீர்கள். தலையில் அடிபட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள், ஆந்திரப் பக்கமும் அதே எண்தான். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூட வேண்டாம்.

10. ஒரு வருடம் இப்படி ஓட்டிய பிறகு தூரத்தை நினைக்கலாம். ப்ரெவே என்று சொல்லும் நெடுந்தூர ஓட்டத்தில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பந்தயம் இல்லை, யாரும் முந்த வேண்டியதில்லை. நிஜமான ஏற்றம் வேண்டுமென்றால் ஏலகிரிக்குப் போங்கள், பதினான்கு கொண்டை ஊசி வளைவு. பின்பற்சக்கரங்களில் பெரியதில் 32 பல்லாவது இருக்கட்டும். போவதற்கு முன் பிரேக் கட்டைகளை மாற்றுங்கள், புதிய கட்டைகளோடு பூண்டிக்கு ஒருமுறை போய்வந்து இறுக்கம் சரிதானா என்று பாருங்கள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள், வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்ல, நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.